பீடோங்கிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போவது?

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள் மாலை என் அண்ணன் எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். 48 நாள் விரதம் இருந்து, சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் கோயிலில் பால்குடம் எடுத்தவர். அந்த 48 நாளும் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஆனால் அன்று காலை ஏழு மணிக்கே குடித்திருந்தார். "தங்கச்சி, முருகனுக்குக் கொடுத்த வாக்கை 48 நாள் காப்பாற்றினேன். 49ஆவது நாளுக்கு யாரிடம் வாக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் குடி பழையபடியே ஓடியது. அந்த இரண்டு மாதமும் அண்ணியும் நானும் அவருக்கு ஏற்ற வழியைத் தேடினோம். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டங்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தோம். கோலாலம்பூரில் இருப்பவருக்கு அந்தக் கூட்டம் எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும். கெடா மாநிலத்துப் பீடோங் போன்ற தோட்டத்து ஊரில் இருப்பவர் இன்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது: எப்படிப் போய் வருவது, எந்த மொழியில் பேசுவது, யார் கண்ணில் படுவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போக முடிகிற கூட்டம், பெயர்பெற்ற கூட்டத்தைவிட மேலானது. நாங்கள் பார்த்த ஒவ்வொரு வழியையும் இதை வைத்துத்தான் எடைபோட்டோம்.

கூட்டத்துக்கு முன்னால் உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நாங்கள் பெரிய தவறு செய்திருந்தோம். விரதத்தின் முதல் மூன்று நாளும் அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, தூக்கமே இல்லை. சாமி சோதிக்கிறார் என்று நாங்கள் விபூதி பூசிவிட்டோம். பிறகு டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது. அது பல வருடம் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று குடி நின்றதும் பட்ட பாடு. கடைசியாகக் குடித்த ஆறு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தெரியும். அந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அண்ணனுக்கு வலிப்பு வராமல் போனதற்கு நான் இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கிளாஸ் உள்ளே போன பிறகே நடுக்கம் நிற்கிறவராக உங்கள் வீட்டு ஆள் இருந்தால், "இன்றோடு விட்டுவிடு" என்று சத்தியம் வாங்காதீர்கள். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பணம் இதற்குத் தடையில்லை. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் மனநல நிபுணரைப் பார்க்கப் போனால் 5 வெள்ளி. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகளைக் கேட்டு, 40க்கு மதிப்பெண் போட்டார்கள். 8ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய குடி. 20ஐத் தொட்டால், உடம்பு குடிக்கு அடிமைப்பட்டிருக்கிறதா என்று முழுதாகச் சோதிக்க வேண்டும். அண்ணனுக்கு 27 வந்தது. முதலில் "இரண்டு கிளாஸ்" என்றுதான் சொன்னார். எந்த அளவு கிளாஸ், எந்தச் சாராயம் என்று டாக்டர் பொறுமையாகக் கேட்டபோது சம்சு என்ற மலிவுச் சாராயத்தின் போத்தல் கணக்கு வெளியே வந்தது. தயவுசெய்து உண்மையான அளவைச் சொல்லுங்கள். உடம்பை அமைதிப்படுத்தும் மாத்திரையின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வைட்டமின் பி1 கொடுப்பதும் முக்கியம். நாள்பட்ட குடியில் அந்தச் சத்துக் குறைந்து, மூளையே பாதிக்கப்படலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டைசல்ஃபிராம். அதையோ, கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பெயர் தெரியாத பொடியையோ குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அண்ணியிடமும் ஒருவர் அந்த யோசனையைச் சொன்னார். விஷயம் தெரியாமல் அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து, இதயம் தடுமாறி, ஆளே போய்விடக்கூடும். ஒருவேளை பிழைத்துக்கொண்டாலும், மனைவி வைக்கும் சோற்றை அவர் இனி நம்பி உண்பாரா?

ஆனால் டாக்டரால் மட்டும் இது முடியாது. எங்களுக்கு அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துக் கிடைத்தது. அந்த ஆறு வாரத்தில் நாற்பத்திரண்டு மாலைகள் வந்து போகின்றன. லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடக்கும் வழியில் கடை இருக்கிறது. அந்த மாலைகளுக்காகத்தான் கூட்டம் வேண்டியிருந்தது.

முதலில் பார்த்தது பினாங்கு. ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் அங்கே ஆங்கிலத்தில் நடக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து அக்ரான் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கிய இயக்கம் இது. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, முழுப்பெயரும் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. சில கூட்டங்களுக்குக் குடும்பத்தாரும் போகலாம். மற்றவை குடியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும். இதைத் தொலைபேசியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நேரமும் இடமும் மாறுவதுண்டு, ஆகவே பழைய தகவலை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இந்த முறைக்குப் பலன் இருக்கிறதா என்று நான் தேடிப் படித்தேன். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களோடு, ஒன்றுசேர்த்து அலசியது. ஏ.ஏ.வோடு ஆட்களை முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, மற்ற பேச்சு சிகிச்சைகளைவிட அதிகம் பேரைத் தொடர்ந்து குடியில்லாமல் இருக்க வைத்தது என்பது அதன் முடிவு. படித்தபோது மனதுக்குத் தெம்பாக இருந்தது.

ஆனால் பாதையைப் பாருங்கள். பீடோங்கிலிருந்து சுங்கை பட்டாணி, அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், பிறகு ஃபெர்ரி, அக்கரையில் மறுபடி பஸ். எல்லாம் நேரத்துக்குக் கிடைத்தாலே போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். காலை நாலரைக்கு எழுந்து லாரி எடுப்பவர், வேலை நாளில் இரவுக் கூட்டத்துக்குப் போய்விட்டு எப்போது வீடு திரும்புவது? நானும் துணைக்கு வர, ஒரு விடுமுறை நாளில் போனோம். அங்கிருந்தவர்கள் அன்பாக வரவேற்றார்கள். காப்பி கொடுத்தார்கள், தங்கள் கதையைச் சொன்னார்கள், எதையும் கேட்டுத் துளைக்கவில்லை. அண்ணன் ஆங்கிலம் பேசுவார். ஆனால் அவருடைய ஆங்கிலம் எடைமேடைக்கும் சாலைச் சோதனைக்கும் போதுமான ஆங்கிலம். அப்பா கள் குடித்துவிட்டு லயத்து வாசலில் விழுந்து கிடந்ததை, அவரைத் தூக்கி உள்ளே கிடத்தியபோது அண்ணனுக்கு வயது பத்து என்பதை, அந்த ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. "கேட்டது எல்லாம் புரிந்தது. என்னுடையதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை" என்றார் திரும்பி வரும்போது.

அடுத்தது தமிழில் நடக்கும் இணையக் கூட்டங்கள். தமிழ்நாட்டு ஏ.ஏ. குழுக்கள் நடத்துபவை. இங்கிருந்தே கைத்தொலைபேசியில் சேரலாம். முகம் காட்ட வேண்டியதில்லை. முதல் கூட்டத்திலேயே அண்ணன் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்: குடிநோயாளி. அவர்கள் பேசத் தொடங்கும்போது பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார்கள். நம் ஊரில் இதற்கு இருந்த ஒரே சொல் குடிகாரன். அது திட்டுவதற்கான சொல். அதைக் கேட்பவர் ஒன்று தலைகுனிவார், இல்லையென்றால் சண்டைக்கு வருவார். நோயாளி என்றால் மருந்து உண்டு, பத்தியம் உண்டு, தேறிவரவும் முடியும். அண்ணன் அந்தச் சொல்லைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததை அண்ணி சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறார். எனக்கு அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

அவர்கள் பேச்சில் டாஸ்மாக் வருகிறது, சென்னைத் தெருக்கள் வருகின்றன. அண்ணனுக்கு அவை பழக்கமில்லை. ஆனால் சம்பள நாளில் பிள்ளையின் பள்ளிப் பணம் கரைந்துபோன கதைக்கு ஊர் வேறுபாடு கிடையாது.

குறை எங்கே என்றால், முதலில் நேரம். நாம் அவர்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே இரவு எட்டு மணிக் கூட்டம் இங்கே பத்தரைக்குத் தொடங்கும். விடியலுக்கு முன் வேலைக்குப் போகிறவருக்கு அது ஆகாது. விடுமுறை நாளின் காலைக் கூட்டம் சரிப்பட்டது: அங்கே ஏழு மணி, இங்கே ஒன்பதரை. இரண்டாவது இடம். மூன்று அறை வீட்டில் பிள்ளைகள் காதில் விழாமல் பேச இடம் ஏது? அண்ணன் லாரியின் முன்னறையில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். மூன்றாவதுதான் எனக்குக் கவலை தந்தது. இணையக் கூட்டத்தில் ஒருவர் இரண்டு வாரம் வராமல் போனால், அவரைத் தேடி யாரும் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். அண்ணன் இடையில் ஒருமுறை குடித்துவிட்டு, வெட்கப்பட்டு மூன்று வாரம் கூட்டத்தைத் தவிர்த்தார். அது அங்கே யாருக்கும் தெரியவில்லை. எண் பரிமாறிக்கொண்ட ஒரே ஒருவர் மட்டும் பிறகு அழைத்தார். ஆகவே இணையக் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர், முதல் மாதத்திலேயே, ஏற்கெனவே குடியை விட்டு வாழும் ஒருவரை வழிகாட்டியாகக் கேட்டுப் பெற்று, அவருடைய எண்ணை வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் அது வானொலி கேட்பதைப் போல் ஆகிவிடும்.

தங்கிக் குணமாகும் இல்லங்களையும் விசாரித்தோம். பல இடங்களில் தேவாலயங்களைச் சேர்ந்தவர்கள் நடத்துகிறார்கள். வீடும் வேலையும் இழந்து தெருவுக்கு வந்துவிட்ட சிலரை அவர்கள் தூக்கி நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன், அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் வேலை இருக்கும் ஒருவர் பல மாதம் உள்ளே போனால் வேலை போகும், லாரித் தவணை நிற்கும். வழிபாட்டு முறையும் அவர்களுடையதாகத்தான் இருக்கும். அதை மனம் ஏற்குமா என்று போகிறவரிடமே கேட்க வேண்டும். போவதானால், டாக்டர் வந்து பார்க்கிறாரா, விரும்பினால் வெளியேற விடுவார்களா, வீட்டுக்குப் பேசலாமா, கட்டணத்தை எழுதித் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் விடாதீர்கள். அரசாங்கத்தின் போதை மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பலாமே என்று சிலர் சொன்னார்கள். அவை போதைப்பொருளுக்காக உருவானவை.

கோயிலுக்கு வருகிறேன். விரதத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 48 நாள் என்பது சிறிய காலம் அல்ல. அந்த நாள்களில் சாப்பாடு மாறுகிறது, படுக்கை மாறுகிறது, மாலையில் போக ஓர் இடம் இருக்கிறது, பஜனை இருக்கிறது, கூடவே விரதம் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரே மரியாதை தருகிறது. யோசித்தால், கூட்டத்தில் கிடைக்க வேண்டிய பாதி இதிலேயே இருக்கிறது. இதில் இல்லாதவை இரண்டு. விரதத்துக்கு முடிவு நாள் ஒன்று இருக்கிறது. அந்த நாளை எதிர்பார்த்துக் குடியும் காத்திருக்கிறது. இன்னொன்று, விரதத்தில் யாரும் தன் குடியைப் பற்றிப் பேசுவதில்லை. ஏ.ஏ.யில் வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு, நாளைக்கு நாளை பார்க்கலாம் என்கிறார்கள். அண்ணன் வாசற்படியில் கேட்ட கேள்விக்கு இதுதான் எங்களுக்குக் கிடைத்த பதில். காப்புக் கட்டுகிறவரைத் தடுக்க வேண்டாம். காப்புக் கட்டும் முன்பே 49ஆவது நாள் காலை எங்கே, யாரோடு இருப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

கடைசி வழி, நம் ஊரிலேயே ஒரு கூட்டம் தொடங்குவது. கேட்டதும் பெரிய காரியமாகத் தோன்றும். ஆனால் ஏ.ஏ.யின் மரபின்படி, குடியைவிட்டு வாழ வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் கூடினாலே தங்களை ஒரு குழு என்று சொல்லிக்கொள்ளலாம், ஒரு குழுவாக அவர்கள் வேறு எந்த அமைப்போடும் சேர்ந்திருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. தலைவர், செயலாளர், பதிவுச் சான்றிதழ் எதுவும் வேண்டாம்.

இந்த வட்டாரத்துக்கு இது புதிதும் அல்ல. தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்த காலத்தில், 1946-47இல், ஏ. எம். சாமி தலைமையில் கெடாவின் தமிழ்த் தொழிலாளர்கள் தொண்டர் படை அமைத்து அந்தக் கடைகளை எதிர்த்தார்கள். 1947 பிப்ரவரி 28 அன்று பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் அவர்களுக்கும் போலீசுக்கும் மோதலே நடந்தது. படிக்காதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நம் முன்னோர், குடி நம்மை எங்கே வைத்திருக்கிறது என்பதை அன்றே கண்டுகொண்டார்கள். அவர்கள் கடையை எதிர்த்து நின்றார்கள். கடைக்குப் போகாமல் இருக்கத் திணறும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்கும் வேலை நமக்கு மீதமிருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சிற்றூரில் யாருடைய மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கூட்டம் நடக்கும் வாசலில் வண்டியை நிறுத்தினால், மறுநாள் மார்க்கெட்டில் பேச்சு வரும். அண்ணன் குடிப்பது ஊருக்கே தெரியும். அதை விடப்பார்ப்பது தெரிந்துவிடக் கூடாது என்று அவர் அஞ்சியது எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விடப்போகிறேன் என்று தெரிந்தபின் மறுபடி விழுந்தால், அந்த அவமானம் இரட்டிப்பு. ஆகவே இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோயில் மண்டபம் வேண்டாம், கட்சி அலுவலகம் வேண்டவே வேண்டாம். பல பேர் பல வேலைக்கு வந்துபோகும் டியூஷன் சென்டர் மாடி போன்ற இடம் நல்லது. யாராவது தலைவரை அழைத்து, பதாகை கட்டி, மாலை போட்டுத் திறப்பு விழா நடத்த நினைப்பவர்களைக் கெஞ்சியாவது தடுத்துவிடுங்கள். படம் எடுத்த அன்றே அந்தக் கூட்டம் முடிந்துவிடும்.

அண்ணியைப் பற்றி இரண்டு வரி. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இயங்குகிறது. குடிப்பவர் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் வீட்டார் போகலாம். அடி உதை நடக்கும் வீடு என்றால் கூட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. 15999 என்ற எண்ணை அழையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 15555.

நாங்கள் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்பீர்கள். கிளினிக்கில் தொடங்கினோம். மாத்திரையோடு முதல் வாரத்தைக் கடந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பதரைக்குத் தமிழ்க் கூட்டம். முடிகிற மாதத்தில் பினாங்கு. மொழி தடைப்பட்டாலும், பத்து இருபது வருடம் குடியில்லாமல் வாழும் மனிதர்களை நேரில் பார்ப்பது அவருக்கு வேண்டியிருந்தது. இடையில் இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை, மறுநாள் காலையிலேயே வழிகாட்டியை அழைத்துச் சொல்லிவிட்டார்.

ஆறு மாதத்துக்குப் பிறகு, பக்கத்துத் தோட்டத்தில் குலை அறுக்கும் ஒருவர் இரவில் வந்து, "அண்ணே, நீங்கள் போனில் எதையோ கேட்கிறீர்களாமே" என்று விசாரித்தார். அடுத்த ஞாயிறு இருவரும் லாரியின் முன்னறையில் ஒரே தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூட்டம் முடிந்தும் ஒரு மணி நேரம் அவர்கள் இறங்கவில்லை.

இந்த ஆண்டும் அண்ணன் பால்குடம் எடுத்தார். மறுநாள் கூட்டம் இருக்கிற நாள் அல்ல. இருந்தாலும் அந்த நண்பரைக் காலை ஆறரைக்கே வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது அண்ணி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஏழு மணி ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.